என் பக்கத்தால் வந்தது

2023 ஒக்டோபர் 9, திங்கள்

மழை வரும்போல மூடிவிட்டு ஒரு துளியும் விழாமல் வெளித்துவிட்டது. வயல் வட்டையில் எல்லாரும் உழுது போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் காலம் முழுக்கக் குளத்துக் கதவு திறந்து பூட்டின பழக்கம், பென்சன் எடுத்தும் விடவில்லை. உன்னிச்சைக் குளத்துக்குப் போன் எடுத்து நீர்மட்டம் கேட்டேன். "ஐயா, வீட்ட பேசாம இரிங்களன்" என்று அங்கிருப்பவன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

கூரையில் இரண்டு ஓடு உடைந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று பெண்சாதி கண்ணகையிடம் சொன்னேன். "வீடு மேனுகாட. அவகிட்டக் கேட்டுட்டு ஏறுங்க" என்றாள். சரிதான். இது இவளுக்கு இவள் தாய் கொடுத்த வீடு. இவள் எங்கள் மகள் மேனுகாவுக்கு எழுதிக் கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் வீடு, வளவு, கோயில் முறை, குடி என்கிற வம்சம் எல்லாம் தாயிடமிருந்து மகளுக்குத்தான் இறங்கும். ஆண்பிள்ளை கட்டின இடத்தில் போய் இருக்க வேண்டியதுதான். நான் கல்குடாவிலிருந்து இந்தக் கரடியனாற்றுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். இன்னும் விருந்தாளிதான். ஓட்டுக்கு அனுமதி கேட்கும் விருந்தாளி.

மேனுகாவுக்கு இளைப்பு விடவில்லை. வேலை செய்கிற செயலகத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். மல்லாந்து படுக்க முடியாமல் கதிரையில் இருந்தபடி தூங்குகிறாள். கண்ணகை கொத்தமல்லி அவித்துக் கொடுத்து "சளிதான்" என்கிறாள். ஒரே பிள்ளை, எனக்கு அந்தச் 'சளிதான்' போதவில்லை. டொக்டரிடம் கொண்டு போகும்படி மருமகன் விஜிதரனிடம் சொன்னேன். "ஓம் மாமா" என்றான். அவன் எதற்கும் ஓம்தான்.

ஒக்டோபர் 11

மேனுகா ஒஃபிஸில் விழுந்துவிட்டாள். விஜிதரன் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டான். நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கிறோம். வேறொன்றும் தெரியாது.

ஒக்டோபர் 13

சளி இல்லை.

நெஞ்சைச் சுற்றி ஒரு பை இருக்கிறதாம். எல்லாருக்கும் உண்டாம். இத்தனை வயதுக்கு எனக்கு இன்றுதான் தெரியும். அந்தப் பைக்குள் நீர் கட்டி, நெஞ்சை விரிய விடாமல் நெருக்கியிருக்கிறது. ஸ்கேன் திரையில் காட்டினார்கள். சுற்றிவரக் கறுப்பாக நீர், நடுவில் என் பிள்ளையின் நெஞ்சு கிடந்து துடிக்கிறது. குளத்தில் நீர் கூடினால் மிச்சம் வழிந்தோட வான் என்று ஒரு கட்டு இருக்கும். நெஞ்சுக்கு வான் இல்லை. ஊசி குத்தி, சின்னக் குழாய் விட்டு இறக்கினார்கள். சாயத் தேத்தண்ணியின் நிறம். இறங்கி முடிந்ததும் பிள்ளை மல்லாந்து படுத்தாள். எத்தனையோ கிழமைக்குப் பிறகு. கண்ணகை அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிள்ளை கிடக்கும் வோட்டில் இருப்பது டொக்டர் இன்ஷிரா. காத்தான்குடி முஸ்லிம் பிள்ளை, சின்ன உருவம், ஆனால் கேள்வி கேட்டால் பொலிஸ் தோற்கும். காசநோய்க்காரர் யாரும் வீட்டில் இருந்தார்களா, காய்ச்சல் இருந்ததா, எடை குறைந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு கண்ணகையின் பக்கம் திரும்பி, "அம்மா, உங்கட குடும்பத்துல ஆருக்கும் கென்சர் வந்து இரிக்கா?" என்றாள்.

கண்ணகைக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்கட குடியில அந்தப் பேரே இல்ல டொக்டர். என்ட அம்மா சாகுமட்டும் வயலுக்குப் போனவ. பெரியம்மாமார், சின்னம்மாமார் ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல."

டொக்டர் என்னையும் பார்த்தாள். நானும் ஓம் என்று தலையாட்டினேன். உள்ளதுதானே. அவள் எழுதிக்கொண்டு போனாள்.

ஒக்டோபர் 19

நீரைச் சோதித்த ரிப்போர்ட் வந்துவிட்டது. புற்றுநோய்ச் செல் ஒன்றும் இல்லை! காசநோயாக இருக்கலாம் என்று பெரிய டொக்டர் சொல்கிறார். அதற்கும் நிச்சயமான அத்தாட்சி இல்லையாம், ஆனால் நீரில் ஏதோ ஓர் அளவு கொஞ்சம் கூடியிருக்கிறதாம், இந்த நாட்டில் நெஞ்சுப்பையில் நீர் வந்தால் முதலில் அதைத்தான் நினைப்பார்களாம். காசநோய் மருந்துக் குளிசை தொடங்கிவிட்டார்கள். காசநோய் என்று கேட்டு வோட்டுக்குள் சந்தோசப்பட்ட குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். கண்ணகை அம்மனுக்கு நேர்த்திக்கடன் வைத்தாள். விஜிதரன் ரோல்ஸ் வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தான், பக்கத்துக் கட்டிலுக்கும்.

நவம்பர் 5

மழை பிடித்துக்கொண்டது. மேனுகா வீட்டில். குளிசை குடித்தால் சலம் செம்மஞ்சளாகப் போகுமாம், முன்னமே சொல்லித்தான் விட்டார்கள். "அப்பா, செவ்விளநி நிறத்தில போகுது. நட்டுப் பாப்பமா?" என்கிறாள். பேத்தி ஆர்த்திகா காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, தாய்க்கு நேரம் பார்த்துக் குளிசை கொடுப்பது அவள்தான்.

நவம்பர் 30

ஒஃபிஸுக்குத் திரும்பிப் போகப் போகிறேன் என்று ஸ்கூட்டியைத் துடைக்கிறாள். கண்ணகை விடவில்லை. இரண்டு பேரும் சண்டை. கேட்க நன்றாக இருந்தது.

டிசம்பர் 27

மேனுகாவின் கால் வீங்கியிருக்கிறது. கழுத்து நரம்பு புடைத்து நிற்கிறது. மறைக்கிறாள். இன்று சாமான் அறைக்குள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றவளைக் கண்டேன். "ஒண்டுமில்ல அப்பா" என்றாள். அந்த ஒன்றுமில்லையைச் சொல்ல இரண்டு தரம் மூச்செடுத்தாள்.

2024 ஜனவரி 3

மறுபடியும் நீர். இம்முறை இன்னும் சிவப்பு. குழாய் விட்டு இறக்கியது காணாது என்று, பையிலேயே சின்ன வாசல் வெட்டி விட்டார்கள். நீர் கட்டி நிற்காமல் வடியுமாம். ஒரு வழியாக நெஞ்சுக்கும் வான் வைத்தாயிற்று.

டொக்டர் இன்ஷிராவை நடையில் மறித்துக் கேட்டேன். செல் இல்லை என்றுதானே சொன்னீர்கள்?

"ஐயா, இல்ல எண்டா, நாங்க எடுத்த தண்ணிக்குள்ள கிடைக்கல்ல எண்டுதான் அர்த்தம். கென்சர் பையில ஒட்டிக்கிட்டு இருக்கும், செல் உதிராது. சில நேரம் ரெண்டாம் தரம், மூணாம் தரம்தான் அம்புடும்."

"கிடைக்காட்டி மறுகா எப்படித்தான் கண்டுபிடிக்கிற?"

பொறுமையாகச் சொன்னாள். கிடைத்த செல்லை மெழுகில் பதித்துச் சாயம் போட்டுப் பார்ப்பார்களாம். எந்த உறுப்பில் பிறந்த செல்லோ அந்த உறுப்பின் அடையாளம் அதன் மேல் நிறமாகத் தெரியும். மாக்கர் என்கிறார்கள். செல் கிடைக்காவிட்டாலும், செத்த செல்லின் உடைந்த மரபணுத் துண்டு நீரில் மிதக்கும், அதைத் தேடவும் சோதனை உண்டு. ஒன்று கொழும்புக்குப் போகிறது. மற்றது இந்தியாவுக்கு.

பிள்ளையின் நெஞ்சு நீர் கடல் கடந்து போகிறது. நான் வடக்கு முனையில் இருக்கிற பருத்தித்துறையே பார்த்ததில்லை.

ஜனவரி 15

பொங்கல். பொங்கவில்லை. அயலார் கொண்டுவந்து தந்ததை ஆர்த்திகா மட்டும் தின்றாள்.

ஜனவரி 22

கொழும்பு ரிப்போர்ட். புற்றுநோய்தான். நெஞ்சில் பிறந்ததல்ல, மார்பில் பிறந்து வந்தது என்று அந்தச் சாயம் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு மார்பை ஸ்கேன் செய்தார்கள். இடது பக்கம், ஆழத்தில், பயறளவு. கையால் தடவினால் அகப்படாதாம். பயறளவு, பயறளவு என்று இன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காசநோய்க் குளிசையை நிறுத்திவிட்டார்கள். ஆர்த்திகா மிச்சக் குளிசையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "அம்மப்பா, நான் ஒரு நாளும் நேரம் பிந்தல்ல" என்றாள். ஓம் புள்ள, ஓம். நீ பிந்தல்ல.

பெப்ரவரி 8

இதை எழுதத்தான் வேண்டும்.

இந்தியாவிலிருந்து முடிவு வந்திருக்கிறது. டொக்டர் இன்ஷிரா எங்கள் மூன்று பேரையும் ஓர் அறையில் இருத்தினாள் — கண்ணகை, விஜிதரன், நான். மேனுகாவிடம் முதலே சொல்லிவிட்டாளாம். நீரில் கிடைத்த மரபணுவில் ஒரு பிழை இருக்கிறது. பிறகு இரத்தத்திலும் பார்த்தார்கள், அங்கேயும் அதே பிழை. அப்படியென்றால் வழியில் வந்து தொற்றியது இல்லை, பிறக்கும்போதே கொண்டுவந்தது. பெற்றவர்கள் ஒருவரிடமிருந்து.

"எங்கட குடியில இல்ல எண்டு அண்டைக்கே சொன்னன்" என்றாள் கண்ணகை.

டொக்டர் ஒரு தாளை எடுத்து மேனுகாவுக்கு ஒரு வட்டம் போட்டாள். மேலே கண்ணகைக்கு ஒரு வட்டம், எனக்கு ஒரு சதுரம். கண்ணகையின் பக்கம் வட்டம் வட்டமாகப் போட்டு எல்லாவற்றையும் வெறுமையாக விட்டாள். பிறகு பேனையை என் சதுரத்துக்கு மேலே கொண்டுவந்தாள். "ஐயா, உங்கட உம்மாக்கு என்ன நடந்த?"

என் அம்மா வயிறு வீங்கிச் செத்தவ. அப்போது நான் திணைக்களத்தில் சேர்ந்த புதிது. வயிற்றில் நீர் கட்டியது என்றார்கள்.

"உங்களோட பிறந்தவங்க?"

தங்கச்சி, சின்னத்தங்கம். மார்பில் புண். சண்டைக் காலம், பாதை பூட்டு. மந்திரித்துத் தண்ணீர் தெளித்தோம். அவளுக்கு அப்போது மேனுகாவின் வயதுகூட இல்லை.

ரெண்டும் கென்சராகத்தான் இருந்திருக்கும் என்று, சொல்லச் சொல்ல அவள் வட்டங்களைக் கறுப்பாக நிரப்பினாள். என் பக்கம் முழுக்கக் கறுப்பு. கடைசியில் மேனுகாவின் வட்டத்தையும் நிரப்பினாள்.

"ஐயா, இத ஏன் முதல் சொல்லல்ல?"

நீ குடும்பத்தைக் கேட்டாய் பிள்ளை. என் அம்மாவும் தங்கச்சியும் என் குடி. மேனுகா தாயின் குடி. அது வேறு, இது வேறு. இந்த மண்ணில் எந்தக் கோயிலிலும் எந்தக் கல்யாணப் பேச்சிலும் என்னுடைய ஆட்களை மேனுகாவின் குடி என்று யாரும் எண்ணியதில்லை. நானும் எண்ணவில்லை. மறைக்கவில்லை. ஞாபகத்துக்கே வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

இதையெல்லாம் சொன்னேனா, இல்லையா என்று தெரியவில்லை. ஏதோ சொன்னேன். அவள் பேனையை மூடி வைத்தாள். "எங்கட ஊர்லயும் இதே குடி முறைதான் ஐயா. உம்மாட வழிதான் வழி. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். உம்மா பக்கம், வாப்பா பக்கம் எண்டு பிரிச்சிக் கேட்டிருக்கணும் நான்."

முதலே தெரிந்திருந்தால் மேனுகா தப்பியிருப்பாளா என்று விஜிதரன் கேட்டான். ஓம் மாமா தவிர வேறு பேசாதவன். நோய் நெஞ்சுப்பைக்கு வந்த பிறகுதான் நாங்கள் இங்கே வந்தோம், அதனால் பெரிய மாற்றம் இருந்திருக்காது, ஆனால் மருந்து முன்னாலேயே தொடங்கியிருக்கலாம் என்றாள் டொக்டர். நேர்மையாகத்தான் சொன்னாள். அந்த 'ஆனால்' எனக்குப் போதும்.

போகும்போது என்னை நிறுத்தினாள். "ஐயா, உங்கட தங்கச்சிக்குப் பொம்புளப் புள்ளைகள் இரிக்கா? அவங்களுக்குச் சொல்லணும்."

பெப்ரவரி 9

காலையில் தேத்தண்ணி வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் கண்ணகை சொன்னாள்: "உங்கட குடியால வந்தது."

குசினிக்குள் போய்விட்டாள். என்னத்தப் பேசுற? வேற ஆரும் சொல்லியிருந்தா நான் கோபப்பட்டிருப்பன். அவள் சொன்னது பொய்யில்லயே.

பெப்ரவரி 11

மேனுகாவுக்கு நான் என்ன கொடுத்தேன்? வீடு தாயுடையது. வளவும் வயலும் தாயுடையவை. கோயிலில் அவள் பெயருக்கு வருவது தாயின் முறை. காப்பும் சங்கிலியும்கூடத் தாய்வழி. பெட்டை பிறந்தபோது என் பங்குக்கு ஒன்றுமில்லையே என்று கல்குடாவிலிருந்து ஒரு கூடை மீன் கொண்டுவந்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

என் பக்கத்திலிருந்து ஒன்றும் போகவில்லை என்றிருந்தேன். போய்த்தான் இருக்கிறது. இது ஒன்றுதான் போயிருக்கிறது.

மார்ச் 6

என் இரத்தத்தையும் சோதித்தார்கள். இருக்கிறது. இல்லாமல் எங்கே போகும்? எனக்கும் வருசா வருசம் பரிசோதனை வேண்டுமாம். சரி, சரி என்றேன்.

வோட்டுக்குப் போய் மேனுகாவின் கட்டிலில் இருந்தேன். மருந்து ஏறிக்கொண்டிருந்தது. முடி கொட்டி, தலையில் துவாய் கட்டியிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "புள்ள, என்னாலதான்" என்றேன்.

"உங்கட மூக்கும்தான் எனக்கு வந்த. இந்த மூக்கால கலியாணமே தடைப்பட்டது, அதுக்கு ஒரு நாளும் அழல்லயே நீங்க?"

சிரித்துவிட்டு இருமினாள். இருமி முடிய என் கையைப் பிடித்தாள். "அப்பா, ரஞ்சினி மச்சாள்ட்டச் சொல்லிட்டீங்களா?"

தவரஞ்சினி, சின்னத்தங்கத்தின் மகள். ஒரே மகள். இல்லை, இன்னும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? தாயை விழுங்கியது உன்னிடமும் இருக்கலாம் என்று ஒரு தாய்மாமன் போய்ச் சொல்வானா? அவள் கலியாணத்துக்கு நான் கூறைச்சேலை கொண்டு போன வாசல் அது.

"சொல்லுவன் புள்ள" என்றேன்.

ஏப்ரல் 18

இந்தப் பிழை இருக்கிறவர்களுக்கென்றே ஒரு குளிசை இருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் இல்லை, விஜிதரன் வெளியில் எடுத்துவிட்டான். எப்படி எடுத்தான் என்று கேட்கவில்லை. அவன் மோட்டார்சைக்கிள் வளவில் இல்லை.

ஓம் மாமா, ஓம் மாமா என்று அவனைப் பரிகசித்த என் வாயை என்ன செய்ய?

மே 2

ஸ்கேன் நன்றாக இருக்கிறது. நீர் இல்லை. மேனுகா பழஞ்சோறு கேட்டாள். கட்டித்தயிர் விட்டு, பச்சைமிளகாய் கடித்துத் தின்றாள். கண்ணகை பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சோறு, தண்ணி, மருந்து தவிர இன்னும் என்னோடு பேச்சில்லை.

மே 21

கண்ணகை அம்மன் சடங்கு, இன்று இவர்கள் குடியின் திருவிழா. மேனுகா சேலை கட்டி, தலையில் முக்காடு போட்டு, குதிகால் செருப்பைக் கோயில் வாசலில் கழற்றிவிட்டு வந்தாள். ஆட்கள் அவளுக்கு வழி விட்டார்கள். குடிக்கு மரியாதையாகக் கொடுக்கும் காளாஞ்சித் தட்டை, வழமைபோல, என் பெண்சாதியின் தம்பிக்குக் கொடுத்தார்கள். நான் வழமைபோலத் தூணோடு. ஒரு காலத்தில் அந்த வெற்றிலைத் தட்டைப் பார்த்து மனதுக்குள் புறுபுறுத்திருக்கிறேன். இன்று எனக்கு எந்த மரியாதையும் வேண்டாம் என்றிருந்தது. அம்மா தாயே, பிள்ளையை விடு. அவ்வளவுதான் கேட்டேன்.

மே 29

நான் போகாததால் மேனுகா போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு, ஓட்டோ பிடித்து, கல்குடாவுக்கு.

தவரஞ்சினி பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை. நாங்கள் போனபோது வேலையால் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள், கையெல்லாம் வெளுத்துச் சுருங்கி. இறால் பொரித்துத் தந்தாள். மேனுகா தின்றுகொண்டே, கறிக்கு உப்புக் காணாது என்கிற மாதிரி சொன்னாள்: "மச்சாள், இது அப்பாட குடியில ஓடுது. மாமிக்கு வந்ததும் இதுதான். நீங்க ஒருக்கா இரத்தம் குடுத்துப் பாருங்க. மார்பையும் காட்டுங்க."

தவரஞ்சினியின் முகம் மாறிவிட்டது. "விசர்க் கத கதைக்காத மேனுகா. என்ட மூத்தவளுக்குக் கலியாணம் பேசிக்கிட்டு இரிக்கம். இப்படி ஒண்டு இரிக்கி எண்டு தெரிஞ்சா ஆரு வருவான்?" என்னைப் பார்த்து, "நீங்களும் இதுக்குத்தானா வந்த மாமா?" என்றாள்.

நான் இறாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரும் வழியில் மேனுகா ஓட்டோவுக்குள் என் தோளில் சாய்ந்தாள். கோபமில்லை. "பயம் அப்பா. நானும் அப்படித்தான் சொல்லியிருப்பன்."

ஜூன் 30

மறுபடி இளைப்பு. இம்முறை ஈரலிலும். குளிசையை நோய் தாண்டிவிட்டது என்றாள் டொக்டர் இன்ஷிரா. சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூலை 14

ஆர்த்திகா குளத்துக்கட்டில் என்னோடு நடந்தாள். "அம்மப்பா, எனக்கும் இரிக்குமா?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. "இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாதிக்குப் பாதி. பதினெட்டு முடிய நீயே யோசிச்சுச் சோதிக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவ. இருந்தாலும் முதலே பிடிக்கலாம், உன்ட அம்மா மாதிரி இல்ல."

கட்டு முடியுமட்டும் நடந்தாள். பிறகு, "முதலே பிடிச்சா நல்லந்தானே" என்றாள். என்னைத் தேற்றுகிறாள் அந்தப் பெட்டை.

ஓகஸ்ட் 12

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். அவள்தான் கேட்டாள். அவளுடைய வீடு.

ஓகஸ்ட் 20

உடைந்த ஓட்டுக்குள்ளால் வெயில் அவள் கட்டிலில் விழுகிறது. ஏறி மாற்றவா என்று கேட்டேன். "வேணாம், கிடக்கட்டும்" என்றாள்.

ஓகஸ்ட் 27

மேனுகா போயிட்டாள்.

ஓகஸ்ட் 31

செத்தவீடு முடிந்தது. என்னென்னவோ நடந்தது. யார் யாரோ வந்தார்கள். பறை அடித்தது. நான் வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்தேன், யாரோ என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார்கள்.

தவரஞ்சினி வந்தாள். பெட்டியின் தலைமாட்டில் நின்று மேனுகாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒப்பாரி வைக்கவில்லை. அழவில்லை. மற்றப் பெண்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பெட்டியை எடுக்கும்போது என்னிடம் வந்து, "மாமா, அந்த டொக்டர்ட பேர் என்ன?" என்று கேட்டாள்.

செப்டெம்பர் 26

முப்பத்தோராம் நாள். மேனுகாவுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம். ரோல்ஸும் வைத்தான் விஜிதரன். கண்ணகை ஒவ்வொன்றாக இலையில் வைத்தாள். கடைசியில் என் பக்கம் பார்த்து, "வேற என்னவும் விருப்பமா அவளுக்கு?" என்றாள். ஏழு மாதத்துக்குப் பிறகு என்னிடம் ஒரு கேள்வி.

ஒக்டோபர் 24

தவரஞ்சினி போன் எடுத்தாள். இரத்தத்தில் அதே பிழை. டொக்டர் இன்ஷிரா விடாமல் மார்பையும் படம் பிடிக்க வைத்திருக்கிறாள். வலது பக்கம், சின்னதாக ஒன்று. வேறெங்கும் போகவில்லை. வெட்டி எடுத்தால் போதும், காலத்தோடு வந்தீர்கள் என்றார்களாம்.

"மாமா, மேனுகா வந்து சொல்லாட்டி..." என்று தொடங்கி, முடிக்காமல் போனை வைத்துவிட்டாள்.

சந்தோசப்பட வேண்டும். பட்டேன். பட்டுக்கொண்டே மாமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்று அழுதேன். என் பிள்ளைக்குக் கிடைக்காத 'காலத்தோடு' அது. தங்கச்சியின் பிள்ளைக்குக் கிடைத்ததில் பொறாமை வந்தது. ஓம், வந்தது. எழுதி வைக்கிறேன். பிறகு போயும் விட்டது.

கண்ணகையிடம் சொல்லவில்லை. என் குடியின் பிள்ளை தப்பியதை, தப்பாத பிள்ளையின் தாயிடம் எப்படிச் சொல்வது?

நவம்பர் 10

ஆர்த்திகா சொல்லிவிட்டாள். கண்ணகை கேட்டுவிட்டு வளவு முழுக்கக் கூட்டினாள். கூட்டின இடத்தையே திரும்பவும் கூட்டினாள்.

நவம்பர் 19

இன்று தவரஞ்சினிக்கு ஒபரேசன். நான் போக வெளிக்கிட்டேன். சேர்ட் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், கண்ணகை சேலை மாற்றி, கையில் பையோடு வாசலில் நிற்கிறாள். பைக்குள் சுடுதண்ணிப் போத்தல், கஞ்சி, துவாய், மாற்றுத் துணி. மேனுகாவுக்குக் கொண்டு போன அதே சாமான்கள். "ஆம்பிளையள வோட்டுக்குள்ள விடமாட்டாங்க" என்றாள். வேறு காரணம் சொல்லவில்லை. பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்துகொண்டு வாவியைப் பார்த்தபடி வந்தாள்.

வோட் வாசலில் தாதி மறித்தாள். ஒபரேசன் முடிந்து இன்னும் மயக்கம் தெளியவில்லை, இரவு ஒருவர்தான் நிற்கலாம், அதுவும் மிக நெருங்கின ஆள் என்றால்தான். "நீங்க நோயாளிக்கு என்ன முறை?"

நான் வாயைத் திறந்தேன். தாய்மாமன்ட பெண்சாதி, மாமி முறை, வேறு குடி — எப்படிச் சொன்னாலும் நெருங்கின ஆள் ஆகாது.

"தாய்" என்றாள் கண்ணகை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.